சரக்கு விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்களில் பெரும்பாலானவை ஒரே விபத்தைச் சுற்றி வரும். 2018 நவம்பர் 7 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் ஸ்கை லீஸ் கார்கோ நிறுவனத்தின் போயிங் 747-400 சரக்கு விமானம் ஓடுபாதை முடிந்த பிறகும் நிற்காமல் ஓடிய விபத்து அது. யாரும் சாகவில்லை என்பதால் செய்தி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ஆனால் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த நொடியில் எவ்வளவு தூரம் கைவிட்டுப் போனது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் அறிக்கைகள் அதிகம் இல்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹாலிஃபாக்ஸில் அன்று என்ன நடந்தது?

விமானம் சிகாகோவிலிருந்து வந்தது. ஹாலிஃபாக்ஸில் உயிருள்ள சிங்கி இறாலை ஏற்றிக்கொண்டு சீனாவின் சாங்ஷா நகருக்குப் போக வேண்டும். உள்ளே மூன்று பணிக்குழுவினரும் ஒரு பயணியும் இருந்தார்கள். உள்ளூர் நேரம் அதிகாலை 5.06-க்கு, நனைந்திருந்த 14-ஆம் ஓடுபாதையில் (இந்த எண் ஓடுபாதையின் திசையைக் குறிக்கும்) இறங்கியது. நிற்க முடியவில்லை. ஓடுபாதையின் கடைசி விளிம்பைத் தாண்டும்போது வேகம் 77 நாட், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேல். ஓடுபாதைக்கு அப்பால் சுமார் 166 மீட்டர் தொலைவில் தரை 2.8 மீட்டர் சரிந்து இறங்குகிறது. அதைக் கடந்ததில் விமானம் பழுதுபார்க்க முடியாத அளவுக்கு நொறுங்கியது. பணிக்குழுவினர் மூவருக்கும் சிறு காயங்கள், பயணிக்கு ஒன்றும் இல்லை.

அங்கே அதைவிட நீளமான ஓடுபாதை இல்லையா?

இருந்தது. 23-ஆம் ஓடுபாதை 10,500 அடி, அதாவது 3,200 மீட்டர். அவர்கள் இறங்கிய 14-ஆம் ஓடுபாதையோ 7,700 அடி, 2,347 மீட்டர்தான். காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்து அவர்களும் முதலில் 23-இல் இறங்கத்தான் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் குறுக்கே வந்தது நோட்டாம். விமான நிலையத்தில் எது மூடியிருக்கிறது, எந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று விமானிகளுக்கு வரும் அறிவிப்புகளுக்கு அந்தப் பெயர். சுருக்கெழுத்துகளும் எண்களும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் கொட்டிக் கிடக்கும் ஒரு குவியல் அது. தூக்கம் போதாத ஒருவர் நடுராத்திரியில் அதைப் படித்துத் தெளிவு பெறுவார் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அநியாயம். 23-ஆம் ஓடுபாதை கிடைக்காது என்று அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். பிறகு பயன்பாட்டு ஓடுபாதை மாறியபோது அந்தத் தகவல் பதிவு செய்யப்பட்ட வானொலி ஒலிபரப்பில் இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரும் அதை நேரடியாக அவர்களிடம் சொல்லவில்லை. ஆகவே 14 ஒன்றுதான் வழி என்ற நம்பிக்கையோடு வந்தார்கள்.

2,347 மீட்டர் என்பது சின்ன ஓடுபாதையா?

இல்லை. 747 அங்கே நிற்க முடியும். விபத்து நடந்தது ஓடுபாதை குட்டை என்பதாலா என்று கேட்டால், என் பதில் ‘இல்லை’ என்பதுதான். கையில் இருந்த உபரி நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது வேறு.

முதலில் ஃபிளாப். இறக்கையின் பின்னால் இறக்கிவிடும் இந்தப் பலகைகளை 30 என்ற நிலையில் வைத்தால் விமானம் மெதுவாக வரும். 25-இல் வைத்தால் கொஞ்சம் வேகமாக வரும். வழக்கம் 25 என்பதாலும், இடம் தாராளமாக இருக்கிறது என்ற நினைப்பாலும் 25-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இதனால் மட்டும் தேவைப்படும் தூரம் 494 அடி கூடியது. அதாவது 150 மீட்டர்.

அடுத்து வேகம். அடிப்படை வேகத்துடன் 5 நாட் கூட்டினால் போதும் என்ற இடத்தில் 10 நாட் கூட்டினார்கள். காற்றுக்காகச் சேர்க்க வேண்டிய கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு இது. கடைசியாகக் காற்றும் திரும்பியது. பக்கவாட்டிலிருந்து வீசியதோடு கொஞ்சம் பின்னாலிருந்தும் தள்ளியது.

ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் பத்து விழுக்காடு கூடினால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடும். பொதுவான உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு விமானம் 150 நாட் வேகத்தில் தரையை நெருங்குகிறது என்று வையுங்கள். 10 நாட் எதிர்காற்று இருந்தால் தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் 140. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 160. இரண்டுக்கும் இடையில் ஆற்றல் வித்தியாசம் 30 விழுக்காட்டைத் தாண்டும். வேகமானியோ இரண்டு நிலையிலும் 150 என்றே காட்டும்.

பின்காற்று இருப்பது அவர்களுக்குத் தெரியாதா?

தெரிந்தது. ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்க 90 நொடிக்கும் குறைவாக இருந்தபோது கவனித்தார்கள். ஆனால் நிற்கும் தூரம் இன்னும் போதுமா என்று மறுபடி கணக்குப் போடவில்லை. அதற்கு நேரம் இல்லாததே காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது விசாரணை.

சரி, தரைதொட்ட பிறகு என்ன கோளாறு?

இதுதான் அறிக்கையின் மையம். நிதானமாகவே பார்ப்போம்.

747 தரைதொட்டதும் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். இறக்கையின் மேல் ஸ்பீடு பிரேக் பலகைகள் எழும்ப வேண்டும். ஆட்டோபிரேக் சக்கரங்களைப் பிடிக்க வேண்டும். எஞ்சின்களில் ரிவர்ஸ் த்ரஸ்ட், அதாவது தள்ளுவிசையை முன்பக்கம் திருப்பிவிடும் அமைப்பு, திறக்க வேண்டும். இவற்றில் வெளியாட்கள் அதிகம் பேசுவது ரிவர்ஸ் த்ரஸ்ட்டைப் பற்றி, ஏனென்றால் சத்தம் போடுவது அதுதான். உண்மையில் முதல் இடம் ஸ்பீடு பிரேக்குக்குத்தான். பெயரைப் பார்த்து அது காற்றைத் தடுப்பதற்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தரைதொட்ட பிறகும் இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தூக்குவிசையை அழித்து, மொத்த எடையையும் சக்கரத்தின் மேல் இறக்கி வைப்பது ஸ்பீடு பிரேக்தான். எடை இறங்காத சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் வழுக்கும்.

ஹாலிஃபாக்ஸில் தரைதொட்டபின் முதலாம் எஞ்சினின் த்ரஸ்ட் லீவர் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) ஐடில் என்ற குறைந்தபட்ச சக்தி நிலையிலிருந்து முன்னால் நகர்ந்தது. ஒரு லீவர்தான். ஆனால் லீவர் முன்னால் போனால் ‘விமானி மறுபடி மேலேறப் போகிறார்’ என்று எடுத்துக்கொள்ளும்படி இந்த விமானம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்பீடு பிரேக் மடங்கிக்கொண்டது. ஆட்டோபிரேக்கும் விலகிக்கொண்டது. இரண்டும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

இந்தச் சமயத்தில் விமானம் வலப்பக்கம் இழுபட்டது. தரைதொடும்போது மூக்கு வலப்புறம் 4.5 பாகை திரும்பியிருந்தது, பக்கக்காற்று வீசியது, ரிவர்ஸ் த்ரஸ்ட் இரு பக்கமும் சமமாக இல்லை. ஓட்டிய விமானியின் முழுக் கவனமும் அதை நடுக்கோட்டில் வைப்பதில் போனது. பக்கத்தில் இருந்தவரின் வேலை கருவிகளைப் பார்த்து ஸ்பீடு பிரேக் எழுந்ததா, ரிவர்ஸ் திறந்ததா என்று வாய்விட்டுச் சொல்வது. அவரும் விலகலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்புகள் வரவில்லை.

பிரேக்கை மிதித்தால் போதாதா?

மிதித்தார்கள். தரைதொட்ட 8 நொடிக்குப் பின் காலால் பிரேக் போடத் தொடங்கினார்கள். ஆனால் முழு பலத்தோடு மிதித்தது அதற்கும் 15 நொடி கழித்து. அப்போது மிச்சம் 800 அடி, அதாவது 244 மீட்டர். ஐந்து நொடியில் அதுவும் தீர்ந்தது.

அந்த 15 நொடிதான் என்னை மிகவும் உறுத்துகிறது. முதலிலிருந்தே முழுதாக மிதித்திருந்தால் என்ன என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்பது சுலபம். ஆட்டோபிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவருக்கு அவசரம் தெரியாது. இருட்டில், ஈரத்தில், முன்னே ஓடிவரும் விளக்குகளை வைத்து வேகம் போதுமான அளவு குறைகிறதா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் இரண்டாவது ஆள்.

ஈரமான ஓடுபாதையில் ஏன் இவ்வளவு சிக்கல்?

மெல்லிய ஈரம் பிடிமானத்தைக் குறைக்கும். தேங்கிய தண்ணீர் அதைவிட மோசம். டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஆப்பு போல நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிடும். இதை ஹைட்ரோபிளேனிங் என்பார்கள். எந்த வேகத்தில் இது தொடங்கும் என்பதற்கு நாசா தந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 200 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயருக்கு ஏறக்குறைய 127 நாட். பெரிய ஜெட்கள் தரைதொடும் வேகம் இதற்கு மேல் என்பதைக் கவனியுங்கள். ஓட்டத்தின் முதல் பகுதியில், பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில், சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும் வாய்ப்பு இருக்கிறது.

ஓடுபாதை எவ்வளவு வழுக்கும் என்று சொல்வதற்கு 2021 நவம்பரிலிருந்து உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வந்திருக்கிறது. உலர்ந்த பாதைக்கு 6, வெறும் ஈரத்துக்கு 5, அங்கிருந்து படிப்படியாக இறங்கி, பிடிமானமே இல்லாத நிலைக்கு 0. முன்பெல்லாம் ‘பரவாயில்லை’, ‘சுமார்’ என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

பயணிகள் விமானங்களும் இதே ஓடுபாதையில்தானே இறங்குகின்றன? சரக்கு விமானங்களுக்கு மட்டும் என்ன தனிப் பிரச்சினை?

இயற்பியல் ஒன்றுதான். சூழ்நிலை வேறு.

சரக்கு பெரும்பாலும் ராத்திரியில் பறக்கிறது. இன்று மாலை பெட்டியில் போட்டது நாளை காலை கிடைக்க வேண்டும் என்ற நம் ஆசைக்கு யாரோ ஒருவர் அதிகாலை நான்கு மணிக்கு விழித்திருந்து விமானம் ஓட்டுகிறார். உடல் தூங்கச் சொல்லும் நேரம் அது. ஹாலிஃபாக்ஸ் விமானிகளுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் போதுமான தூக்கம் இல்லை என்றும், அந்தக் களைப்பு அவர்களின் செயல்திறனைக் குறைத்தது என்றும் விசாரணை சொல்கிறது.

இதில் ஒரு அநியாயம் உண்டு. அமெரிக்கா 2014-இல் விமானிகளின் ஓய்வு நேரத்துக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. சரக்கு நிறுவனங்களுக்கு மட்டும் அந்த விதி கட்டாயம் இல்லை. செலவு அதிகமாகும், அதற்கு ஈடான பலன் இல்லை என்பது வாதம். ஸ்கை லீஸ் ஒரு அமெரிக்க நிறுவனம். ஒரே வானத்தில், ஒரே ஓடுபாதையில், சில சமயம் ஒரே வகை விமானத்தை ஓட்டுகிற இருவரில் ஒருவருக்கு மட்டும் தூக்கம் குறைவாகப் போதும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

விமானங்களின் வயதும் ஒரு காரணம். பயணிகள் சேவையில் இருபது வருடம் ஓடியதை வாங்கிக் கதவை அகலப்படுத்திச் சரக்குக்கு மாற்றுவது சகஜம். 2016 ஆகஸ்ட் 5 அன்று இத்தாலியின் பெர்கமோவில் டிஎச்எல்-க்காகப் பறந்த 737-400 அப்படிப்பட்டதுதான். பாரிஸிலிருந்து அதிகாலையில் வந்து, வெகு தாமதமாகத் தரைதொட்டு, வேலியை உடைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வெளியே உள்ள சாலையில் போய் நின்றது. பகலாக இருந்திருந்தால் அந்தச் சாலையில் வண்டிகள் நிறைந்திருக்கும். 2022 செப்டம்பரில் பிரான்ஸின் மோன்பெலியேயில் இன்னொரு 737-400 சரக்கு விமானம் மூக்கை ஏரியில் நுழைத்துக்கொண்டு நின்றது. இரண்டு இடத்திலும் உயிரிழப்பு இல்லை. இரண்டும் நடந்தது ராத்திரியில்.

சந்தேகம் வந்தால் மறுபடி மேலே ஏறிவிட முடியாதா?

முடியும். அதற்குக் கோ-அரௌண்ட் என்று பெயர். எஞ்சினுக்கு முழு சக்தி கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வருவது. ஓடுபாதை விபத்துகளுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. ஆனால் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வில், வேகமோ உயரமோ வரம்புக்குள் நிலைப்படாமல் தரையை நெருங்கும் விமானங்களில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் மேலே ஏறுகின்றன என்று தெரிந்தது. மற்றவை எல்லாம் இறங்குகின்றன, பெரும்பாலும் பத்திரமாகவே. அதுதான் சிக்கல். ஒவ்வொரு முறை தப்பித்ததும் விமானிக்குக் கிடைக்கும் பாடம் ‘இதுவும் பரவாயில்லை’ என்பது.

நமக்கு நெருக்கமான உதாரணம் கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில், பின்காற்றோடு, மேசைமேல் வைத்தது போன்ற அந்த ஓடுபாதையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 8,858 அடியில் 4,438 அடி போன பிறகே தரைதொட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி கோ-அரௌண்ட் என்று சொன்னார். கேட்கப்படவில்லை. 21 பேர் இறந்தார்கள். அது பயணிகள் விமானம்தான், ஆனால் 140 நாட் வேகத்தில் ஒவ்வொரு நொடி மிதப்பும் 70 மீட்டருக்கு மேல் ஓடுபாதையைத் தின்னும் என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் பொது. பத்து வருடம் முன்பு, 2010-இல், மங்களூருவில் 158 பேர் இறந்த விபத்திலும் துணை விமானி மேலேறச் சொல்லியிருந்தார். மூத்தவரை மீறி லீவரைத் தள்ளும் துணிவு இளையவருக்கு வருவதில்லை. எழுதி வைத்த விதியோ அப்படித் தள்ளத்தான் சொல்கிறது.

ஹாலிஃபாக்ஸிலும் பின்காற்றைப் பார்த்த அந்த நிமிடம் கணக்குப் போடப் போதாமல் இருக்கலாம். மேலே ஏறப் போதும்.

நான் போகும் விமானம் இறங்காமல் திடீரென்று மேலே ஏறினால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம்.

ஓடுபாதை முடிந்த பிறகு என்ன இருக்க வேண்டும்?

வெறும் சமதரை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கட்டாய விதிப்படி, ஓடுபாதையை ஒட்டிய 60 மீட்டர் பட்டைக்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி வேண்டும். பரிந்துரை 240. எனவே ஓடுபாதை முனையிலிருந்து மொத்தம் 150 மீட்டர் கட்டாயம், 300 மீட்டர் நல்லது.

இனி ஹாலிஃபாக்ஸின் அந்தப் பள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அது இருந்தது சுமார் 166 மீட்டரில். கனடா அரசு அப்போது முன்மொழிந்திருந்த அளவு 150. ஆக அந்த விதி அன்று அமலில் இருந்திருந்தாலும் பள்ளம் அதற்கு வெளியேதான் இருந்திருக்கும். 300 என்ற பரிந்துரையின்படி பார்த்தால் உள்ளே வந்துவிடும். கனடாவில் இது புதிய பேச்சும் இல்லை. 2005-இல் டொரண்டோவில் ஏர் பிரான்ஸ் விமானம் ஓடுபாதை தாண்டி எரிந்தபோதே (309 பேரும் பிழைத்தார்கள்) விசாரணை வாரியம் இதைக் கேட்டது. விதி வெளியானது 2022-இல், அதுவும் 150 மீட்டருக்குத்தான்.

இடமே இல்லாத விமான நிலையம் என்ன செய்வது?

இமாஸ் போடலாம். லேசான, மிதித்தால் நொறுங்கும் சிமெண்ட் கட்டிகளைப் படுகையாக அமைப்பது. சக்கரம் அதில் புதைந்து ஆற்றல் தீர்ந்துவிடும். சரக்கு விமானங்களை இது காப்பாற்றியிருக்கிறது. நியூயார்க் ஜே.எஃப்.கே. நிலையத்தில் 2003-இல் ஜெமினி நிறுவனத்தின் எம்டி-11 ஒன்றையும் 2005-இல் போலார் நிறுவனத்தின் 747 ஒன்றையும் பிடித்து நிறுத்தியது. பொதுவாக 70 நாட் வேகத்துக்கு வடிவமைப்பார்கள். ஹாலிஃபாக்ஸ் விமானம் 77-இல் வெளியேறியது. அங்கே இமாஸ் இருந்திருந்தால் முழுசாக நின்றிருக்குமா என்பது வேறு, பள்ளத்தை அந்த வேகத்தில் பார்த்திருக்காது.

புறப்படும்போதும் இப்படி நடக்குமா?

நடக்கும். 2008-இல் பிரஸ்ஸல்ஸில் கலிட்டா நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் பறவை எஞ்சினில் புகுந்ததால் புறப்பாட்டைக் கைவிட்டது. ஆனால் கைவிடக்கூடிய வேகத்தைத் தாண்டிய பிறகு. ஓடுபாதை முடிந்து, விமானம் மூன்று துண்டானது. எல்லாரும் பிழைத்தார்கள். அதே ஹாலிஃபாக்ஸில் 2004-இல் எம்.கே. ஏர்லைன்ஸின் 747-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முந்தைய புறப்பாட்டின் எடையை வைத்துப் போட்ட கணக்கில் எஞ்சின் சக்தி போதாமல் ஓடுபாதை தாண்டி மண்மேட்டில் வால் இடித்து விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

2025-இல் ஹாங்காங்கில் கடலில் விழுந்ததும் இதே வகையா?

இல்லை. அக்டோபர் 20 அன்று துபாயிலிருந்து வந்த 747 சரக்கு விமானம் ஓடுபாதையின் முனையைத் தாண்டவில்லை, பக்கவாட்டில் விலகியது. ரோந்து வாகனத்தை மோதிக் கடலுக்குள் தள்ளியதில் அதிலிருந்த இருவர் இறந்தனர். விமானத்தில் இருந்த நால்வரும் பிழைத்தனர். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுவார்கள், விசாரிப்பவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

விமானமே எச்சரிக்காதா?

புதியவை எச்சரிக்கும். ஏர்பஸ்ஸின் ரோப்ஸ் என்ற அமைப்பு ஏ380-இல் தொடங்கியது. வேகம், உயரம், காற்று எல்லாவற்றையும் வைத்து நொடிக்கு நொடி நிற்கும் இடத்தைக் கணித்துக்கொண்டே வரும். ஓடுபாதை போதாது என்று பட்டால் தரைதொடும் முன்பே குரல் கொடுக்கும், தொட்ட பிறகு என்றால் முழு பிரேக் போடச் சொல்லும், ஆட்டோபிரேக் இயங்கிக்கொண்டிருந்தால் தானே போடும். ஹனிவெல் நிறுவனத்திடமும் பழைய விமானங்களில் பொருத்தக்கூடிய எச்சரிக்கை மென்பொருள் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டும், பழைய விமானங்களுக்குக் கட்டாயம் இல்லை. இன்னும் சில வருடம் ஓட்டிவிட்டு உடைக்கப் போகும் விமானத்துக்கு யார் அதை வாங்குவார்கள் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.